பாய் விரிக்க இடம் இருந்தால் போதும்: பிழைக்கப் போன ஊர்களில் யோகாசனத்தின் கதை

காரைக்கால் நகரத்துக்கு வடக்கே, தரங்கம்பாடி போகும் பக்கம், கடலை ஒட்டி இருக்கிறது மண்டபத்தூர். மீனவர்கள் வாழும் சிறிய ஊர். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கிய கரையோர ஊர்களில் இதுவும் ஒன்று. இந்தப் பக்கத்து ஊர்களில் "அண்ணன் சிங்கப்பூர்ல இருக்காரு", "மாமா துபாய்ல இருக்காரு" என்ற பேச்சு சர்வ சாதாரணம். வேலைக்காக வீட்டை விட்டுப் போவது இந்தக் கடற்கரைக்கு இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை.

எவ்வளவு பழையது என்று பார்க்க வேண்டுமா? காரைக்காலின் மிகப் பிரபலமான கதையே அதுதான்! புனிதவதி என்ற காரைக்கால் அம்மையாரின் கணவர் பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகர் வீட்டுப் பிள்ளை. மாங்கனி அற்புதத்தைக் கண்டு பயந்துபோன அவர், வணிகம் செய்யப் போகிறேன் என்று சொல்லிக் கப்பல் ஏறினார். திரும்பி வந்தபோது காரைக்காலுக்கு வரவில்லை. பாண்டிய நாட்டில் ஓர் ஊரில் தங்கி, வேறு திருமணம் செய்துகொண்டார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் இந்தக் கதையின் நினைவாகத்தான் இன்றும் ஆனி மாதப் பௌர்ணமியில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கிறது.

அதே கதையில் இன்னொரு பயணமும் உண்டு. அம்மையார் கயிலை மலைக்குப் போகிறார். புனிதமான மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து ஏறுகிறார். இது பக்தி, இதைச் சிரசாசனத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. ஆனாலும் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. வீட்டை விட்டுப் போன இரண்டு பேரில் ஒருவர் பொருளைத் தேடிப் போனார். இன்னொருவர் தன் உடம்பையே பயணத்துக்குக் கருவியாக்கினார். பிழைக்கப் போகிறவன் பொருளையும் தேட வேண்டும், உடம்பையும் காப்பாற்ற வேண்டும். அது எப்படி முடிந்தது, எங்கே முடியாமல் போனது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

உடம்பை நம்பி ஏறிய கப்பல்கள்

காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த துறைமுகம். 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை 1848-இல் ஒழிக்கப்பட்ட பிறகு, கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் தேவைப்பட்டது. 1860, 1861 ஆண்டுகளில் பிரிட்டிஷ் அரசும் பிரெஞ்சு அரசும் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி, பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் கூலிகளைச் சேர்த்து அனுப்ப வழி பிறந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் ஆட்களை ஏற்றும் துறைமுகங்களாயின. ரீயூனியன், குவாதலூப், மர்த்தினிக் தீவுகளுக்குத் தமிழர்கள் போனார்கள். 1880-களில் பிரிட்டிஷ் அரசு இந்த ஆள் சேர்ப்பை நிறுத்தும் வரை இது நடந்தது.

ஒப்பந்தக் கூலி முறையில் ஒருவன் கொடுப்பது என்ன? நிலமா, பணமா, படிப்பா? எதுவும் இல்லை. ஐந்து வருடத்துக்குத் தன் உடம்பின் உழைப்பை எழுதிக் கொடுக்கிறான். கப்பலில் ஏற்றுவதற்கு முன் மருத்துவர் சோதிப்பார். கை கால் திடமாக இருந்தால் பயணம். இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். உடம்புதான் அவனுடைய முதலீடு, அதுதான் அவனுடைய வட்டி.

காரைக்காலுக்குத் தெற்கே இருக்கும் நாகப்பட்டினத்திலிருந்து இன்னொரு பாதை கிழக்கே போனது. பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயர் டெல்டாவில் வயதானவர்களுக்கு இன்றும் மறக்காது. அந்தக் கப்பலுக்கு முன்பே பல கப்பல்கள் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழர்களைக் கொண்டுபோயின. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கங்காணி மூலம் ஆள் சேர்க்கும் முறையே பெரிதாயிற்று.

காடு அழித்துப் புதிதாகப் போட்ட தோட்டங்களில் மலேரியா பெரிய எமன். வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் கூடவே இருந்தன. சம்பாதித்து ஊருக்குத் திரும்பலாம் என்று போனவர்களில் எத்தனையோ பேர் அந்த மண்ணிலேயே அடங்கிப் போனார்கள்.

பத்தமடையிலிருந்து ஒரு டாக்டர்

இந்தக் காலத்தில்தான் 1913-இல் ஒரு தமிழ் டாக்டர் மலாயாவில் போய் இறங்கினார். பெயர் குப்புசாமி. 1887 செப்டம்பர் 8 அன்று திருநெல்வேலிச் சீமையில் பத்தமடையில் பிறந்தவர். பத்தமடை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கோரைப் பாய். பின்னாளில் உலகம் முழுவதும் பாயை விரித்து ஆசனம் செய்யக் காரணமானவர்களில் ஒருவர் பாய்க்குப் பெயர் போன ஊரில் பிறந்தது வேடிக்கையான பொருத்தம்தான்!

அவர் மருத்துவம் படித்தது தஞ்சாவூரில். அதாவது காவிரி டெல்டாவுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. தந்தை இறந்த பிறகு படிப்பைத் தொடர முடியாத நிலை. 1909-இல் 'அம்ப்ரோசியா' என்ற ஆங்கில மருத்துவ இதழைத் தொடங்கி நடத்தினார். பிறகு வேலை தேடிக் கடல் கடந்தார். செரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் வேலை கிடைத்தது. பின்னர் ஜொகூர் பாருவுக்கு மாறினார். ஏறக்குறைய பத்து வருடங்கள் மலாயாவில் இருந்தார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு தோட்ட மருத்துவமனை டாக்டரின் கண்ணுக்குத் தெரிவது என்ன? பால் மரம் சீவி முதுகு வளைந்தவர்கள், காய்ச்சலில் நடுங்குகிறவர்கள், கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்தவர்கள். எல்லாரும் குடும்பத்தை விட்டு வந்தவர்கள். அவரும் அப்படி வந்தவர்தான். சம்பளம் மட்டும்தான் வேறு.

சிறுவயதிலேயே அவருக்கு உடற்பயிற்சியில் ஈடுபாடு உண்டு. மலாயாவில் இருந்தபோது யோக நூல்களைப் படித்து, மூச்சுப் பயிற்சியும் தியானமும் செய்யத் தொடங்கினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அங்கே அவருக்குக் குருகுலமோ ஆசிரமமோ கிடையாது. பகல் முழுக்க நோயாளிகள், இரவு தனியறை. வேலைக்குப் போன இடத்தில், வேலை போக மிச்சமிருந்த நேரத்தில் கற்றுக்கொண்ட யோகம் அது.

1923-இல் அவர் இந்தியா திரும்பினார். 1924-இல் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார். ஆனாலும் உள்ளே இருந்த டாக்டர் ஓய்வு எடுக்கவில்லை. லட்சுமண்ஜூலாவில் யாத்திரிகர்களுக்காக இலவச மருந்தகம் நடத்தினார். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம், 1948-இல் யோக வேதாந்த ஆரண்யக் கழகம். 1963 ஜூலை 14-இல் மறையும் வரை இருநூறுக்கும் மேற்பட்ட நூல்கள்.

அந்த நூல்களில் ஒன்று 1939-இல் ஆங்கிலத்தில் வந்த 'யோகிக் ஹோம் எக்ஸர்சைஸஸ்'. வீட்டிலேயே செய்யக்கூடிய யோகப் பயிற்சிகள் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. குகையில் பன்னிரண்டு வருடம் உட்காரு என்று அவர் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் மனிதன் தன் அறையில் செய்யக்கூடிய சிறிய, எளிய பயிற்சிகளைச் சொன்னார். மலாயாவில் பத்து வருடம் வேலை பார்த்த டாக்டருக்கு, நேரமில்லாத மனிதர்களின் கஷ்டம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குப்பைக்கூடையில் கிடைத்த காகிதம்

சிவானந்தரின் சீடர்களில் ஒருவர் விஷ்ணுதேவானந்தர். 1927-இல் கேரளாவில் பிறந்தவர். வேலை நிமித்தம் வீட்டை விட்டு ராணுவத்தில் சேர்ந்தவர். முகாமில் ஏதோ காகிதத்தைத் தேடிக் குப்பைக்கூடையைக் கிளறியபோது, சிவானந்தர் எழுதிய ஒரு சிறு பிரசுரம் கையில் அகப்பட்டதாம். அதைப் படித்துவிட்டு ரிஷிகேசத்துக்குப் போனார் என்று அவருடைய அமைப்பினர் சொல்வார்கள். 1957-இல் அவர் மேலை நாடுகளுக்குப் புறப்பட்டார்.

பரந்து கிடக்கும் யோக சாத்திரத்தை அவர் ஐந்து விஷயங்களாகச் சுருக்கினார்: சரியான பயிற்சி, சரியான மூச்சு, சரியான ஓய்வு, சரியான உணவு, நல்ல சிந்தனையும் தியானமும். மேலே சொன்ன ஐந்தையும் கவனித்தால் ஒன்று புரியும். வெளியூரில் தனியாகத் தங்கி வேலை செய்கிறவனிடமிருந்து முதலில் பறிபோவது இந்த ஐந்தும்தான்! அம்மா சமையல் போய் ஹோட்டல் பரோட்டா வருகிறது. தூக்கம் ஷிஃப்ட்டுக்குப் பலியாகிறது. மனம் ஊரையே சுற்றி வருகிறது.

இதே பரம்பரையில் வந்த இன்னொருவர் கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் 1914-இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். இலங்கையில் கண்டியில் ஆசிரமம் நடத்திவிட்டு, 1966-இல் நியூயார்க் போனார். 1969-இல் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்துப் பேசியவர் இவர்தான். இவருடைய மாணவரான அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ், உணவுக் கட்டுப்பாடு, நடை, யோகா, மன அமைதி எல்லாவற்றையும் சேர்த்து இதய நோயாளிகளிடம் சோதித்து, 1990-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். தஞ்சாவூரில் படித்த டாக்டரிடம் தொடங்கிய ஒரு சங்கிலி இப்படி மறுபடியும் ஒரு டாக்டரிடம் வந்து சேர்ந்தது.

பழையது எது, புதியது எது?

யோகா ஐயாயிரம் வருடப் பழையது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது நமக்கு வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தமிழில் திருமூலரின் திருமந்திரம், மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம் என்று எட்டு உறுப்புகளையும் விளக்குகிறது. அந்த வேர் பழையதுதான். ஆனால் காலையில் இருபது நிமிடம் வரிசையாக ஆசனங்கள் செய்துவிட்டு ஆபீஸ் போகும் வழக்கம் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் உருவானது.

1924-இல் லோனாவ்லாவில் சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமத்தைத் தொடங்கி, ஆசனங்களை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். மகாராஷ்டிரத்தில் அவுந்த் சமஸ்தானத்து ராஜா சூரிய நமஸ்காரத்தைப் பள்ளிக்கூடங்களில் பரப்பினார். மைசூர் அரண்மனை ஆதரவில் 1930-களில் கிருஷ்ணமாச்சாரியார் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் சென்னையில் குடியேறினார். அவர் பெயரில் 1976-இல் சென்னையில் தொடங்கப்பட்ட யோக மந்திரம் தனி மனிதனின் உடம்புக்கும் வயதுக்கும் ஏற்றபடி பயிற்சியை மாற்றிக் கொடுக்கும் முறைக்குப் பெயர் பெற்றது.

காரைக்கால் அடங்கிய புதுச்சேரிக்கும் இதில் பங்கு உண்டு. வெளிநாட்டில் டாக்டராக வேலை பார்த்துவிட்டு வந்த சுவாமி கீதானந்தர் 1968-இல் புதுச்சேரியில் ஆனந்த ஆசிரமத்தை அமைத்தார். ஜனவரி முதல் வாரத்தில் புதுச்சேரி அரசு நடத்தும் சர்வதேச யோகா விழாவும் 1990-களில் தொடங்கியதுதான். ஜிப்மர் மருத்துவமனையில் 2008-இல் யோக சிகிச்சைக்கென்று தனி ஆய்வு மையம் வந்தது.

உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. உழைப்பாளிகளுக்கு மிகவும் தெரிந்த வலி முதுகுவலி. அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியில், பெரும்பாலும் குறைந்த வருமானம் உள்ள 320 பேரிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. நாள்பட்ட முதுகுவலிக்கு 12 வாரம் யோகா செய்தவர்களுக்கு, பிசியோதெரபி எடுத்தவர்களுக்குக் கிடைத்ததற்குக் குறையாத பலன் கிடைத்தது. அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டியும் நாள்பட்ட முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன்பே முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்தது.

காரணம் மாயம் எதுவும் இல்லை. நாள் முழுக்க ஒரே பக்கம் குனிகிறவனின் முதுகெலும்பைச் சூரிய நமஸ்காரம் முன்னும் பின்னும் வளைக்கிறது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணிகிறது. உடம்பு 'ஆபத்து இல்லை' என்று புரிந்துகொள்கிறது. சவாசனத்தில் இறுகிய தசைகள் தளர்கின்றன. ஜிம்முக்குக் கட்ட வேண்டிய பணம் மிச்சம், கருவிகள் வேண்டாம். ஆறடி நீளம், இரண்டடி அகலம் தரை போதும்.

ஆனால் அந்த ஆறடி தரை கிடைக்கிறதா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 2020-இல் கொரோனா வந்தபோது சிங்கப்பூரில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுதிகளில் தங்கியிருந்தார்கள். தமிழர்கள் அதில் நிறைய. ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் பல பேர். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்குப்படி, விடுதித் தொழிலாளர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தொற்று வந்திருந்தது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஆள் நடக்கவே இடமில்லாத அறையில் பாயை எங்கே விரிப்பது?

மலாயா வரலாறும் இதையேதான் சொல்கிறது. கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் 1901-இல் மலேரியாவைக் கட்டுப்படுத்தியது மூச்சுப் பயிற்சி இல்லை. மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலத்து நீரை வடிய வைத்தார்; கொசு குறைந்தது; சாவு குறைந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் கோடைக்கால மதிய வெயிலில் திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று 2005 முதல் விதி இருக்கிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை ஓய்வு. ஒரு கட்டடத் தொழிலாளியின் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது அந்த ஓய்வும் தண்ணீரும்தான். எந்த ஆசனமும் அதற்கு ஈடாகாது.

அதனால் "யோகா செய், எல்லாம் சரியாகிவிடும்" என்று தொழிலாளியிடம் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி முதலாளியிடமும் அரசிடமும் சொல்ல வேண்டியது. நல்ல தங்குமிடம், நியாயமான வேலை நேரம், மருத்துவம். இவை இல்லாத இடத்தில் யோகாவைப் பாடம் எடுப்பது, உடம்பு கெட்டால் அது உன் சோம்பல்தான் என்று பழியை உழைப்பவன் தலையில் போடுவதாக முடியும்.

அப்படியென்றால் யோகா வேண்டாமா? அப்படியும் இல்லை. நிலைமை மாறும் வரை உடம்பு காத்திருக்காது. மதமா, பயிற்சியா என்ற சந்தேகமும் பல நாடுகளில் குறைந்திருக்கிறது. 2014 டிசம்பர் 11 அன்று ஜூன் 21-ஐச் சர்வதேச யோகா தினமாக ஐ.நா. அறிவித்தபோது 177 நாடுகள் அந்தத் தீர்மானத்தைச் சேர்ந்து முன்வைத்தன. 2017 நவம்பரில் சவுதி அரேபியாவே யோகாவை விளையாட்டுப் பயிற்சியாக அங்கீகரித்தது. அங்கே யோகாவைப் பரப்பிய நூஃப் மர்வாய்க்கு 2018-இல் இந்தியா பத்மஸ்ரீ வழங்கியது. வளைகுடாவில் வேலை செய்கிற நம் ஊர்க்காரர் மொட்டை மாடியில் சூரிய நமஸ்காரம் செய்ய ஒளிந்துகொள்ள வேண்டிய காலம் போய்விட்டது.

சில எச்சரிக்கைகள் மட்டும் அவசியம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே செய்ய வேண்டும். வெயிலில் வேலை முடித்து வந்த உடனே செய்யக் கூடாது. முதலில் தண்ணீர், பிறகு ஓய்வு. ரத்த அழுத்தம், கழுத்து வலி, கண் அழுத்த நோய் உள்ளவர்கள் சிரசாசனத்தைத் தொடவே வேண்டாம். தலையால் நடந்த அம்மையாரின் ஊர்க்காரர்களுக்கும் இது பொருந்தும்! படத்தைப் பார்த்துச் செய்வதை விட, விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது தெரிந்தவர் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொண்டு போவது நல்லது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். பிழைக்கப் போனவன் வரையும் சித்திரம் என்பது தங்கையின் கல்யாணம், கட்டி முடியாத வீடு, பிள்ளையின் படிப்பு. ஊரில் எல்லாரும் அந்தச் சித்திரத்தைத்தான் கேட்கிறார்கள். "எவ்வளவு அனுப்பினே?" என்று கேட்கிற போனில் "உடம்பு எப்படி இருக்கு?" என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, சில சமயம் வராமலே போகிறது.

பரமதத்தன் காரைக்காலுக்குத் திரும்பி வரவே இல்லை. ரீயூனியனுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறிய பலரும் திரும்பவில்லை. இன்று விமானத்தில் சில மணி நேரத்தில் வந்துவிடலாம். திரும்பி வருவது கஷ்டமில்லை. வருகிறவன் எப்படி வருகிறான் என்பதுதான் கேள்வி. இருபது வருடம் உழைத்துவிட்டு மண்டபத்தூர் கரையில் இறங்குகிற மனிதர், தன் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மணலில் நடக்கும் அளவுக்காவது உடம்பில் தெம்போடு வர வேண்டும். அவர் சம்பாதித்ததிலேயே அதுதான் பெரிய சம்பாத்தியம்.